சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் வகுப்பில் கடினமான நடத்தை: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

எழுத்து வேலை என்று நோட்டை விரித்தாலே மேசையில் இருப்பதையெல்லாம் ஒரே வீச்சில் தரையில் தள்ளிவிடும் மாணவன் ஒருவன் என்னிடம் இருந்தான். ஒவ்வொரு முறையும் அவனை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தேன். ஆறு வாரம் ஆகியும் தள்ளுவது குறையவில்லை, கூடியது. அவனுக்கு வேண்டியிருந்தது எழுத்திலிருந்து விடுதலை. அதைத்தான் நான் தண்டனை என்ற பெயரில் தினமும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வரும் ஆசிரியர்கள் பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். "இவன் அடித்தால் நான் என்ன செய்வது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதற்காக அடிக்கிறான் என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்கிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு: யாருக்காவது காயம் ஏற்படும் நிலை இருந்தால் 10-ம் படியை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

1. தொடங்கும் முன்

ஒரு நோட்டு, கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம், உங்களோடு சேர்ந்து கவனிக்க இன்னொரு பெரியவர். இவை போதும். செயலி எதுவும் தேவையில்லை.

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறான்" என்று புகாராக ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "வீட்டில் எப்போது நன்றாக இருக்கிறான்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். நமக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகவலும் அதுதான்.

இந்தக் குழந்தை தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாகம் எடுத்தால் என்ன செய்கிறது? வலித்தால்? "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்கிறது? "சொல்வதில்லை" என்பது பதிலானால் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு நடத்தையை மட்டும் எடுங்கள். எட்டு நடத்தைகளைப் பட்டியல் போட்டு வருபவர்கள் எட்டையும் அரைகுறையாகத்தான் கவனிப்பார்கள். காயம் உண்டாக்குவது முதலில், படிப்பைத் தடுப்பது அடுத்து. உங்களுக்கு எரிச்சலாக இருப்பது மட்டும் பட்டியலில் சேராது. கைகளை அசைப்பதும் முன்னும் பின்னும் ஆடுவதும் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதைப் பிடுங்கிவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2. கண்ணால் பார்த்ததை மட்டும் பெயரிடுங்கள்

"முரண்டு பிடிக்கிறான்", "கோபக்காரி", "வேண்டுமென்றே செய்கிறான்". இவையெல்லாம் நம் தீர்ப்புகள். தீர்ப்பை எண்ண முடியாது. "திறந்த கையால் பக்கத்தில் இருப்பவரின் தோளில் அடிக்கிறான்" என்பதை எண்ணலாம்.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரண்டு பெரியவர்கள் ஒரே அரைமணி நேரம் தனித்தனியாகக் கவனித்து எண்ணுங்கள். ஒருவருக்கு நான்கு, மற்றவருக்கு ஒன்பது என்றால் குறை குழந்தையிடம் இல்லை, நம் வரையறையில் இருக்கிறது. பெரும்பாலும் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்காது. கத்திவிட்டுப் பத்து விநாடி நிறுத்தி மறுபடி கத்தினால் அது ஒன்றா, இரண்டா? ஏதோ ஒன்றை முடிவு செய்து எழுதி வையுங்கள்.

அடி, கடி போல சட்டென்று முடிவதை எண்ணுங்கள். அழுகை போல நீள்வதை நிமிடத்தில் அளங்கள். ஒரே ஒரு முறை அழுதாள் என்று எழுதிவிட்டு, அது நாற்பது நிமிடம் நீண்டதை விட்டுவிட்டால் அந்தப் பதிவால் பயனில்லை.

3. உடம்பை முதலில் பாருங்கள்

நடத்தை திடீரென்று மாறியிருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, தூக்கமின்மை, புதிதாக மாற்றிய மாத்திரை ஆகிய எல்லாமே வகுப்பில் "நடத்தை"யாகத்தான் வெளியே வரும். பேசாத குழந்தை காதில் ஓங்கி அடித்துக்கொண்டால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். பல்வலியை எந்த ஸ்டிக்கர் அட்டையும் ஆற்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலிப்பில் ஒரு வகையில் குழந்தை கீழே விழாது, உடல் வெட்டி இழுக்காது. சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட வேலையைத் தொடரும். அந்த விநாடிகளில் நாம் சொன்னது அதற்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நாமோ "சொல்பேச்சு கேட்பதில்லை" என்று எழுதுவோம். இப்படி அடிக்கடி நடந்தால், எந்த நேரத்தில், எத்தனை விநாடி என்று குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். கண், காது பரிசோதனை நடந்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள்.

தினமும் காலையில் வீட்டிலிருந்து மூன்று வரி வாங்குங்கள்: எப்படித் தூங்கினான், சாப்பிட்டானா, வயிறும் மருந்தும் எப்படி. தூங்காத நாளில் அதே கணக்குத் தாள் இரண்டு மடங்கு கடினம். இந்த மூன்று வரி இல்லையென்றால் "நேற்று நன்றாகச் செய்தாயே!" என்று அவனைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

4. ஐந்து பள்ளி நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

பொறுமையைச் சோதிக்கும் படி இதுதான். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஒரு மாதம் கழித்து என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று கட்டங்கள். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பின் உடனே என்ன நடந்தது. இதைத்தான் ஏபிசி பதிவு என்கிறார்கள் (முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்பவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்). மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் நாம் செய்ததை எழுத வேண்டியிருக்கிறது.

மோசமான பதிவு இப்படி இருக்கும்: "10.40. காரணமே இல்லாமல் தாளைக் கிழித்தாள். கண்டித்தேன்."

அதே நிகழ்வு, சரியான பதிவு: "10.40. இரண்டாவது கணக்குத் தாளைக் கொடுத்தேன். அவள் அதை இரண்டாகக் கிழித்தாள். நான் தாளை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க அனுப்பினேன். எட்டு நிமிடம் கழித்து வந்தாள், வேறு வேலை கொடுத்தேன்."

இரண்டாவதைப் படிக்கும்போதே ஏதோ புரிகிறது, இல்லையா? "காரணமே இல்லாமல்" என்று எழுதக் கை போனால், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். யார் உள்ளே வந்தார்கள், எந்தச் சத்தம் எழுந்தது, எது முடிந்தது, எதை எடுத்து வைத்தீர்கள்?

கூடவே, பள்ளி நேரத்தை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து ஒரு தாளில் வரைந்து, நடத்தை நடந்த கட்டத்தில் புள்ளி வையுங்கள். ஐந்தாம் நாள் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். காலியாக இருக்கும் கட்டங்கள் இன்னும் முக்கியம். அந்த நேரத்தில் என்ன வேலை, யார் பக்கத்தில், எவ்வளவு சத்தம் என்று எழுதுங்கள். குழந்தைக்கு எது ஒத்துவருகிறது என்பதை அந்த வெற்றுக் கட்டங்கள்தான் சொல்லும்.

மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத வேண்டாம். பெரிய வெடிப்புகள் மட்டும்தான் நினைவில் நிற்கும், சிறியவை உதிர்ந்துவிடும். இந்த ஐந்து நாளில் பாடமுறையை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம், மாற்றிவிட்டால் ஒப்பிட அடிப்படை எண் இருக்காது. பிறகு குறைந்ததா இல்லையா என்று வாதம்தான் மிஞ்சும்.

5. நான்கு காரணங்களில் எது?

பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் செயலால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது, அல்லது எது நின்றுபோகிறது? விடை அநேகமாக இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

கவனம். நீங்கள் வேறு குழந்தையிடம் திரும்பியதும் தொடங்குகிறது, உங்கள் பார்வை வந்ததும் நிற்கிறது. திட்டுவதும் கவனம்தான். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரிப்பதும் கவனம்தான்.

தப்பித்தல். வேலை, சத்தம், கூட்டம், ஒரு நபர், தொடுதல், இவற்றில் ஏதோ ஒன்று வந்ததும் தொடங்குகிறது, அது விலகியதும் அடங்குகிறது.

பொருள் அல்லது விருப்பமான செயல். டேப்லெட்டை வாங்கியதும், ஊஞ்சல் நேரம் முடிந்ததும் தொடங்குகிறது. திருப்பிக் கொடுத்தால் சட்டென்று நிற்கிறது.

உடலுணர்வு. யாரும் இல்லாதபோதும் நடக்கிறது. யார் வந்தாலும் போனாலும் மாறுவதில்லை. அந்தச் செயலே ஓர் இதத்தைத் தருகிறது, அல்லது ஓர் அவதியைக் குறைக்கிறது.

செயலின் தோற்றத்தை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. கடிப்பது இந்த நான்கில் எதற்காகவும் இருக்கலாம். ஒரே குழந்தை காலையில் தப்பிக்கவும் மதியம் பொம்மைக்காகவும் கடிக்கலாம். அப்படியானால் அவற்றை இரண்டு நடத்தைகளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"தப்பித்தல்" என்று தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். எதிலிருந்து என்று இன்னும் ஒரு படி இறங்குங்கள். மேசையில் இருந்ததைத் தள்ளிய அந்த மாணவனிடம், எழுதச் சொன்ன அதே பாடக் கேள்விகளை ஒரு நாள் வாயால் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பாடம் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. பென்சிலைப் பிடிப்பதுதான் சிரமம். நான்கு வரிக்குள் கை வலிக்க ஆரம்பித்துவிடும், அதைச் சொல்ல அவனுக்குச் சொல் இல்லை. பாடத்தை எளிதாக்கிக்கொண்டே போயிருந்தால் இதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டேன்.

இப்படி ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஆனால் காயம் உண்டாக்கும் நடத்தையை "வருகிறதா பார்ப்போம்" என்று தூண்டிச் சோதிக்காதீர்கள். அது பயிற்சி பெற்ற நடத்தை நிபுணர், பாதுகாப்பான சூழலில் செய்ய வேண்டிய வேலை.

6. ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மூன்று வரிக்கு மேல் எழுதச் சொன்னால், குறிப்பாகச் சரியாகத் தூங்காத நாளில், மேசையில் இருப்பதைத் தள்ளுகிறான், எழுத்து வேலை நின்றுபோகிறது."

சூழல், தூண்டுதல், செயல், பலன் நான்கும் இதில் இருக்கின்றன. இப்படி எழுத முடியவில்லையா? இன்னும் மூன்று நாள் பதிவு செய்யுங்கள். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. பென்சிலால் எழுதுங்கள்.

7. தூண்டுதலைத் தணியுங்கள்

செலவு குறைந்த, பலன் விரைவாகத் தெரியும் படி. நடத்தை நடந்த பின் செய்யும் எதையும்விட, நடப்பதற்கு முன் செய்யும் சிறிய மாற்றம் அதிகம் உதவும்.

அன்றைய வேலைகளைப் படவரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாத பதற்றமே பாதிக் கலவரத்துக்குக் காரணம். "முதலில் இது, அப்புறம் அது" என்று இரண்டு படம் ஒட்டிய சிறு அட்டை சில குழந்தைகளுக்குப் போதும். பிடித்த செயலை நிறுத்தும் முன் டைமர் வைத்து முன்னறிவிப்புக் கொடுங்கள். சிவப்புப் பென்சிலா நீலமா, இந்தக் கணக்கா அந்தக் கணக்கா என்று சின்னத் தேர்வுகளைக் குழந்தையிடம் விடுங்கள். எளிய வேலை இரண்டு, கடினமானது ஒன்று என்று கலந்து கொடுங்கள். கவனத்துக்காகச் செய்யும் குழந்தையிடம், அது கேட்கும் முன்பே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீங்களாகப் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அடிக்கடி பார்க்கும் பிழை: "உட்கார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு விநாடியில் "உட்காருப்பா", "எத்தனை தடவை சொல்றது", "இங்க பாரு" என்று அடுக்குவது. மெதுவாக உள்வாங்கும் குழந்தைக்கு ஒவ்வொன்றும் புதிய கட்டளை. ஒரு முறை, குறைந்த சொற்களில் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறம் அதே சொற்களால் இன்னொரு முறை.

8. பதிலாக ஒரு வழியைக் கற்றுக்கொடுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். "தள்ளாதே" என்று சொன்னால் போதாது, கை வலித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். "அமைதியாக உட்கார்வது" மாற்று வழியாகாது. நாற்காலிகூட அமைதியாகத்தான் இருக்கிறது. குழந்தை ஏதாவது செய்ய வேண்டும், அதனால் அதற்கு வேண்டியது கிடைக்க வேண்டும்.

மாற்று வழி அதே காரணத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கடினமான வேலையின்போது நடத்தை காட்டும் குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தபோது நடத்தை குறைந்தது. கவனத்துக்காகச் செய்யும் குழந்தைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தபோது குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. 5-ம் படியை அவசரமாக முடித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மாற்று வழி பழையதைவிட எளிதாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும். மேசையைத் துடைத்துத் தள்ள ஒரு விநாடி போதும். "ஐயா, எனக்குச் சிறிது ஓய்வு வேண்டும்" என்ற முழு வாக்கியத்தைக் கேட்டால் தள்ளுவதே லாபம் என்றுதான் குழந்தை முடிவு செய்யும். அதனால் அந்த மாணவனுக்கு ஒரே ஒரு "ஓய்வு" அட்டை. எட்டித் தொட்டால் போதும். அட்டை அவன் மேசையிலேயே ஒட்டியிருக்கும். ஆசிரியரின் இழுப்பறையில் அட்டையை வைத்துவிட்டு "பயன்படுத்தவே மாட்டேன் என்கிறான்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கற்றுக்கொடுப்பது அமைதியான நேரத்தில். கத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் புதிதாக எதுவும் ஏறாது. நல்ல மனநிலையில் இருக்கும்போது, சிறிய வேலையின் நடுவே, கையைப் பிடித்து அட்டையைத் தொடவைத்து உடனே ஓய்வு கொடுங்கள். தொடுவது பிடிக்காத குழந்தை என்றால் நீங்கள் செய்து காட்டுங்கள். ஒரு நாளைக்குப் பல முறை.

முதல் சில நாள் கேட்கும்போதெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே எல்லோருக்கும் பயம் வருகிறது: "இப்படிக் கொடுத்தால் எப்போது எழுதுவான்?" எனக்கும் வந்தது. முதல் நாள் அவன் அட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஆனால் ஒரு பொருளும் தரையில் விழவில்லை. அட்டை நிச்சயம் வேலை செய்யும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் "இன்னும் ஒரு வரி, அப்புறம் ஓய்வு" என்று நீட்ட முடியும். ஒரு வரி, பிறகு இரண்டு. கூடவே தடித்த பிடியுள்ள பென்சிலும், நீளமான பதில்களுக்கு விசைப்பலகையும் கொடுத்தோம். வலியை அப்படியே வைத்துக்கொண்டு பொறுமையை மட்டும் பழக்குவது சரியல்ல.

9. பழைய வழிக்குப் பலன் கிடைக்காமல் செய்யுங்கள்

புதிய வழி கைக்கு வந்த பிறகுதான் இது. முன்னாலேயே செய்தால், குழந்தைக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்ததாகும்.

கவனத்துக்காகச் செய்தால்: ஆபத்தைத் தடுங்கள், ஆனால் பேச்சும் பார்வையும் இல்லாமல். தப்பிக்கச் செய்தால்: அமைதியான பின் அதே வேலை சிறிய அளவில் திரும்பி வரும். டைம் அவுட் என்று வெளியே அனுப்புவது இங்கே பரிசு. அதே டைம் அவுட் வேறொரு குழந்தைக்கு வேறு பலன் தரலாம். அதனால்தான் "டைம் அவுட் நல்லதா?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

பலனை நிறுத்தியதும் நடத்தை முதலில் கூடலாம். லிஃப்ட் வராவிட்டால் நாம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்போமே, அது போல. இந்த நாட்களில் மனம் தளர்ந்து ஒரு முறை விட்டுக்கொடுத்தால், "இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும்" என்று கற்றுக்கொடுத்தவர்களாவோம். எப்போதாவது கிடைக்கும் பலன் எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை ஆழமாக்கும். எல்லாப் பெரியவர்களும் ஒரே மாதிரி நடக்க முடியாது என்று தெரிந்தால் இந்தப் படியைத் தொடங்காதீர்கள். தலையை மோதிக்கொள்வது போன்ற தன்னைத்தானே காயப்படுத்தும் நடத்தையைக் கண்டுகொள்ளாமல் விடவே கூடாது. அதற்கு நிபுணர் துணை வேண்டும்.

நல்ல வழியில் கேட்டதும் உடனே, எதற்கு என்று சொல்லிப் பாராட்டுங்கள். "குட் பாய்" என்பதைவிட "அட்டையைக் காட்டிக் கேட்டாய்" என்பது தெளிவு. கத்திக்கொண்டிருக்கும்போது "நிறுத்தினால் சாக்லேட்" என்றால் அது பேரம். முன்பே சொல்லிவைத்து, செய்த பின் கொடுத்தால் அது பரிசு. சம்பாதித்த நட்சத்திரத்தைத் திரும்பப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த நட்சத்திரத்துக்கு மதிப்பே இருக்காது.

10. வெடிக்கும் நேரத்தில்

வெடிப்பு பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன் மூச்சு வேகமாகும், விரல்கள் இறுகும், குரல் ஏறும், நடை கூடும். இந்தக் குழந்தையின் அறிகுறி எது என்று எழுதி வகுப்பில் உள்ள எல்லோரிடமும் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் வேலையைக் குறைக்கலாம், இடம் மாற்றலாம். அது தாண்டினால் எதுவும் செய்வதற்கில்லை.

தாண்டிவிட்டால் பாதுகாப்பு மட்டும்தான். மற்ற குழந்தைகளை வெளியே கொண்டுபோங்கள். கொதிக்கும் குழந்தையை இழுத்துப் போவதைவிட இது எளிது. கைக்கெட்டும் கனமான பொருள்களை நகர்த்துங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், தள்ளி நில்லுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் மிகக் குறைவாக. "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்ற கேள்வி வேண்டாம்.

பிடித்து நிறுத்துவது கடைசி வழி. உடனடி ஆபத்து இருந்தால் மட்டும், பயிற்சி பெற்றவர் மட்டும், பள்ளியின் எழுதப்பட்ட விதிக்குள் மட்டும். குப்புறப் படுக்கவைப்பதோ, மார்பிலோ முதுகிலோ எடை வைப்பதோ மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடங்கியது போல் தெரிந்தாலும் உள்ளே அடங்க நேரமாகும். உடனே "மன்னிப்புக் கேள்" என்று நின்றால் இரண்டாவது வெடிப்பு வரும். தண்ணீர், அமைதி, அப்புறம் அவனால் நிச்சயம் முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலை. உங்களுக்குக் கை நடுங்கினால் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

11. எண்ணிக்கையைப் பார்த்துத் திருத்துங்கள்

2-ம் படியில் முடிவு செய்த அதே அளவையே தொடர்ந்து அளங்கள். இரண்டு வாரம் கழித்து முதல் ஐந்து நாளோடு ஒப்பிடுங்கள்.

குறையவில்லை என்றால் முதலில் நம்மைப் பார்க்க வேண்டும். அட்டை எல்லா வகுப்பிலும் மேசையில் இருந்ததா? எல்லோரும் உடனே ஓய்வு கொடுத்தார்களா? ஐந்து வரிச் சரிபார்ப்புத் தாள் ஒன்றை வைத்து மூன்று நாள் குறித்தால் தெரிந்துவிடும். நாம் சரியாகச் செய்தும் மாற்றமில்லை என்றால் 6-ம் படியின் வாக்கியம் தவறு. அழித்துவிட்டு மறுபடி பதிவுக்குப் போங்கள். முதலில் குறைந்து பிறகு கூடினால் பரிசு சலித்திருக்கலாம், அல்லது உடம்புக்கு ஏதோ. 3-ம் படியின் மூன்று வரிகளை எடுத்துப் பாருங்கள்.

குறைந்தால் அவசரப்பட்டு எல்லா உதவியையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் தளர்த்துங்கள். ஒரு ஆசிரியரிடம் பழகிய வழி அடுத்தவரிடம் தானாக வராது. வேறு அறை, வேறு நபர், வீடு என்று ஒவ்வோர் இடத்திலும் சில நாள் புதிதாகப் பழக்க வேண்டும்.

குழந்தை அடுத்த வகுப்புக்குப் போகும்போது ஒரு பக்கத் தாள் கூடப் போகட்டும்: 6-ம் படி வாக்கியம், வெடிப்புக்கு முந்தைய அறிகுறிகள், அட்டை எங்கே ஒட்டியிருக்க வேண்டும் என்பது. கூடவே அட்டையின் இரண்டு நகல்கள். முதல் வாரத்திலேயே ஒன்று தொலைந்துவிடும்.